ரிவர்ஸ் விழாத வண்டி

சீட்டுல பதினொண்ணு இருவதுன்னு நேரம் எழுதிக் குடுத்துட்டாரு ஃபாரஸ்ட் கேட்டுக்காரரு, பன்னெண்டு இருவது சுமாருக்கு அந்தப் பக்கத்து கேட்ல அதக் காட்டணும், ரொம்ப முந்திப் போனா வேகமா வந்தியான்னு கேப்பாங்க, ரொம்பப் பிந்திப் போனா நடுவுல நின்னியான்னு கேப்பாங்க, நல்ல ஏற்பாடுதான், மனுசன நம்பாம கடிகாரத்த நம்பறாங்க, நானா இருந்தாலும் அப்புடித்தான் செய்வேன். நிக்கக் கூடாது, எறங்கக் கூடாது, ஆரன் அடிக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாதுன்னு பாதிக் கன்னடம் பாதித் தமிழ்ல அவரு விரல மடக்கி மடக்கிச் சொல்ல நான் தலையாட்டிட்டே இருந்தேன், பின்னால போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லல. அதையும் சேத்துச் சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்திருக்கும். முன்னால போறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மூணு நாளா மூணு காடு, முதுமலை, பந்திப்பூர், இன்னைக்கு நாகரஹொளே, கோயமுத்தூர்ல இருந்து இந்தப் பழைய ஆம்னிய நான்தான் ஓட்டிட்டு வாரேன், ஒரு கீறல் இல்ல, நாப்பத்தி மூணு வயசுல லைசென்ஸ் எடுத்தவனுக்கு இது கொறச்சலா. சீட்டுக்கு அடியில இன்ஜின் இருக்கறதால குண்டி வேகுது, அது வண்டியோட சுபாவம், அதுக்கு நான் பொறுப்பில்ல. பக்கத்துல எம் பொண்டாட்டி கோகிலா மடியில டப்பாவ வெச்சுட்டு வெள்ளரிக்கா நறுக்கறா, கத்தி எங்கயும் வழுக்காம அவ நறுக்கற அழகே எம் ஓட்டத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு. பின்னால தாரணி, பத்து வயசு, மூக்குக்கிட்ட எலுமிச்சம்பழம் புடிச்சுட்டு உக்காந்திருக்கா, வளைவுல குமட்டுமாம். மிதுன், ஏழு வயசு, கண்ணாடில மூக்க ஒட்டி வெச்சுட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேக்கறான், "அப்பா, ஆனை எப்ப வரும்?" அதென்ன டவுன் பஸ்ஸா. "வரும் சாமி, அது நேரத்துக்கு அது வரும்"னு சொல்லி வெச்சிருக்கேன், மனசுக்குள்ள, வராம இருந்தா இன்னும் நல்லதுன்னு.

எங்க வண்டிக்கு ரிவர்ஸ் விழாது. இது எங்க சந்துல எல்லாத்துக்கும் தெரிஞ்ச சங்கதி. சந்து முட்டுச் சந்து, வண்டி மூஞ்சியக் குடுத்து உள்ள வந்துரும், வெளிய போகணும்னா நாப்பது அடி பின்னாலயே போகணும், திருப்ப எடமில்ல. அதனால ஞாயித்துக்கெழம எங்கயாவது கெளம்பினா ஒரு முறை இருக்குது. கோகிலா ஸ்டியரிங்ல உக்காந்துக்குவா, நான் வண்டிக்கு முன்னால நின்னு பம்பர்ல கை குடுப்பேன், எனக்கு ரெண்டு பக்கமும் தாரணியும் மிதுனும் கை குடுப்பாங்க, மூணு பேரும் தம் புடிச்சுத் தள்ள, கோகிலா தலையத் திருப்பிப் பின்னால பாத்துட்டே ஒடிச்சு ஒடிச்சு ரோட்டுக்குக் கொண்டாந்து நிறுத்துவா. அவளுக்கு லைசென்ஸ் இல்ல, கிளச்சு எது பிரேக்கு எதுன்னு கேட்டா பிரேக்க மட்டும் காட்டுவா, ஆனா பின்னால போற வண்டிய அவ திருப்பற மாதிரி எந்த டிரைவரும் திருப்ப மாட்டான். மொனை வீட்டு டெய்லர் முருகேசன் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான், "என்னங்க, தேரு நெலைய விட்டுக் கெளம்பிருச்சாட்டங்குது?" சிரிச்சுக்கிட்டே கையும் குடுப்பாரு. இன்னைக்குக் காலைல கூட குண்டலுப்பேட்டை லாட்ஜுல, பக்கத்துல ஒரு கார்க்காரன் நெருக்கி நிறுத்திட்டான், வேற வழியில்ல, குடும்பத்தோட தேர் இழுத்தோம். லாட்ஜ் மேனேஜரு காப்பி டம்ளரோட வந்து நின்னு பாத்தாரு, பாத்துட்டு போன எடுத்து வீடியோ புடிச்சாரு. மிதுன் அதுக்கு ரெண்டு விரல வேற காட்டினான். இந்த வண்டிய எனக்குக் குடுத்தது கோகிலாவோட தம்பி லோகநாதன், டூரிஸ்ட் வேன் ஓட்டறவன், "ஏனுங் மச்சான், கியர்பாக்ஸு நல்லாத்தான இருந்துச்சு, குடுங்க, நம்ம மெக்கானிக்கு கிட்டக் காட்டறேன்"னு நாலு தடவ கேட்டுட்டான். நானே மெக்கானிக்குப்பா, நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கும் வேன் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு அவன் கேக்கல, மரியாதை தெரிஞ்சவன். ஆனா விழும். ரிவர்ஸ் நல்லா விழும். எண்ணெ போட்ட தாப்பா மாதிரி சத்தமில்லாம விழும். இது எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கும், ஒருவேள பின்னால எலுமிச்சம்பழம் மோந்துட்டு இருக்கறவளுக்கும்.

ஆவணில ஒரு ஞாயித்துக்கெழம காலைல, அப்ப நான் பின்னால எடுக்கறதுல சூரன், கண்ணாடி ரெண்டையும் பாத்தேன், நடுக் கண்ணாடியும் பாத்தேன், சந்து வெறிச்சோடிக் கெடந்துது, கிளச்ச விட்டேன், பத்தடி போயிருப்பேன், பின்னால ஒரு சத்தம். கல்லு நசுங்கற சத்தமில்ல, தகரம் மடங்கற சத்தம். அதுக்கு முந்தின நிமிசம் தாரணி அந்த எடத்துலதான் சைக்கிளோட நின்னா. எனக்குத் தெரியும், வாசல்ல செருப்பு மாட்டையில பாத்தேன், பாத்துட்டு வண்டியில ஏறினேன், ஏறினதும் மறந்துட்டேன், இதுல என்ன சூட்சுமம் இருக்குது, மறந்துட்டேன், அவ்வளவுதான். கதவத் திறந்து எறங்கறதுக்குள்ள எத்தன நேரமிருக்கும், ரெண்டு நொடி, ஆனா அந்த ரெண்டு நொடி இன்னும் முடியல, வேலைல நின்னுட்டு இருக்கறப்ப, பல்லு வெளக்கறப்ப, திடீர்னு நான் அந்தக் கதவத் தொறந்துட்டே இருப்பேன், காலு இன்னும் தரையத் தொடாது. எறங்கிப் பாத்தா சைக்கிள் பின்சக்கரம் பொரிச்ச அப்பளமாட்டம் மடங்கிக் கெடக்குது, ஒரு அடி தள்ளிச் செவுத்தோட ஒட்டிட்டு நிக்கறா புள்ள, கையில ஒரு செருப்பு. செருப்பு கழண்டுச்சுன்னு எடுக்கத் தள்ளிப் போயிருக்கா. செருப்பு கழண்டதால எம் புள்ள இருக்குது. நான் அவளப் பாத்தேன், அவ என்னப் பாத்தா. உள்ள மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு. மிக்ஸி நின்னு கோகிலா வெளிய வந்து, "என்னடி இது?"ன்னா. அதுக்குள்ள நான் வண்டிய முன்னால எடுத்துட்டேன், ஏன் எடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, கை தானா எடுத்துச்சு. தாரணி சொன்னா, "நடுவுல வுட்டுட்டு செருப்பு எடுக்கப் போனேன், தண்ணி லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிட்டான்." கோகிலா நங்குன்னு ஒரு கொட்டு வெச்சா. "வாங்கி ரெண்டு மாசம் ஆவல. இனி எட்டாவது போற வரைக்கும் சைக்கிள் பேச்ச எடுத்தீன்னா பாத்துக்கோ." நான் நின்னுட்டு இருந்தேன். அந்தக் கொட்டு விழற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கெழம வண்டியில ஏறி கியர் குச்சில கைய வெச்சேன், கை ரிவர்ஸ் பக்கம் போகல. போகலைன்னா போகல. இடிக்கும்னு பயமில்ல, கண்ணாடில ஒண்ணும் தெரியலைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னு இனி நம்ப முடியாது, அதான். நைட் ஸ்கூல்ல பத்தாவது எழுதினப்ப குவியாடி பத்தி அஞ்சு மார்க்கு கேள்வி, வண்டில ஏன் குவியாடி வெக்கறாங்க, அகலமாக் காட்டும், சின்னதாக் காட்டும், படம் வரைஞ்சு பாகம் குறிச்சு முழுசா வாங்கினேன், பகல்லாம் கெரசின் நாத்தத்தோட பேரிங் கழுவிட்டு வந்து எழுதின பரீட்ச. காட்டாத எடம்னு ஒண்ணு இருக்குதுன்னு அந்தப் பாடத்துல இல்ல. எங்க தொழில்ல மொத விதியே லிஃப்ட் எறக்கறதுக்கு முன்னால கீழ குழிக்குள்ள எட்டிப் பாக்கணும், ஆள் இருக்கானான்னு, பத்தொம்பது வருசத்துல ஒரு நாள் நான் பாக்காம எறக்கினதில்ல, மேல இருந்து அபார்ட்மெண்ட் செக்ரட்டரி கத்துவாரு, "எவ்ளோ நேரம்ப்பா?"ன்னு, கத்தட்டும், நான் எட்டிப் பாத்துட்டுத்தான் எறக்குவேன். ஊரான் குழிக்கெல்லாம் எட்டிப் பாத்தவன். அதனால ரிவர்ஸ் விழலைன்னு சொன்னேன். சொன்னது வசதியாப் போச்சு. தள்ளறப்ப புள்ளைங்க ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால, என் கைக்குப் பக்கத்துல இருக்காங்க, பின்னால யாரும் இல்ல, கோகிலா உள்ள இருக்கா. உலகத்துலயே பத்திரமான ரிவர்ஸ் கியரு எங்களுதுதான். இதுல ஒண்ணே ஒண்ணு. தள்ள ஆரம்பிக்கறதுக்கு முன்னால தாரணி ஓடிப் போய் வண்டிக்குப் பின்னால பாத்துட்டு வருவா, நான் சொல்லாமலே, ஒவ்வொரு தடவையும், வந்து என் பக்கத்துல நின்னு மெதுவாச் சொல்லுவா, "யாரும் இல்லப்பா." கோகிலா அத விளையாட்டுன்னு நெனச்சுட்டு இருக்கா.

சொல்லிருவேன், அதுல சந்தேகமே இல்ல, எப்ப, எங்கங்கறதுதான் பாக்கி. இந்த ட்ரிப்பு போட்டதே அதுக்காகன்னு வெச்சுக்கலாம். முதுமலைல சொல்லலாம்னு இருந்தேன், அங்க கோகிலா கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி ஜன்னல்ல கைய வெச்சுட்டு எதுக்கெடுத்தாலும் சிரிச்சா, சிரிக்கறவ கிட்டப் போய் என்னத்தச் சொல்றது. பந்திப்பூர்ல சஃபாரி பஸ்ஸுல முப்பது பேரு, எல்லாரும் புலிக்காக மூச்சப் புடிச்சுட்டு இருந்தாங்க, அது எடமில்ல. நேத்து ராத்திரி அவளுக்குத் தலவலி. இது மூணாவது காடு, இதுக்கப்பறம் குட்டாங்கற ஊரு, குட்டாவுல சாப்பாடு, அப்பறம் வீட்டப் பாத்து வண்டி, வீட்டுக்குப் போனா மிக்ஸி, சந்து, டெய்லரு, எல்லாம் பழையபடி. தாரணி ட்யூஷனுக்கு நடந்து போவா, அவ சேக்காளி ஹேமா பக்கத்துலயே சைக்கிள மெதுவா, விழுந்துராம, ஒரு கால ஊனி ஊனி ஓட்டிட்டுப் போவும், நான் வேலைக்குக் கெளம்பறப்ப தெனம் அதப் பாக்கணும். "ஏனுங், இந்தாங்க"ன்னு கோகிலா ஒரு வெள்ளரித்துண்ட என் வாய்க்கிட்ட நீட்டினா, உப்பும் மொளகாப்பொடியும் தூவி வெச்சிருக்கா, வாங்கிக் கடிச்சேன். ரெண்டு பக்கமும் தேக்கு, அப்பறம் மூங்கிலு, மழ பேஞ்சு விட்டிருக்குது போல, மண்ணு வாசமும் சாணி வாசமும் கலந்து உள்ள வருது. சாணி புதுசா இருக்குமோ. மானு கூட்டமா நிக்குது, மிதுன் திரும்பிக்கூடப் பாக்கல, மூணு நாள்ல மானெல்லாம் அவனுக்கு ஆட்டுக்குட்டியாயிருச்சு. தெப்பக்காட்டுல முகாம் ஆனைக்குக் களி ஊட்டறதப் பாத்தமே, அது ஆனையில்லையான்னு அவங்கம்மா கேட்டதுக்கு, "அதுக்குப் பேரெல்லாம் இருக்கும்மா, பேரு இல்லாத ஆனை வேணும்"ங்கறான். சின்னதா ஒரு பாலம் வந்துச்சு, ஓடை மேல, ரெண்டு பக்கமும் முழங்கா ஒசரத்துக்குக் கல்லுச் செவுரு, ஒரு வண்டி போற அகலந்தான், தாண்டி சோத்துக்கைப் பக்கமா ஒரு வளைவு, இப்பச் சொல்லலாமா, கோகிலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அந்த சைக்கிளுன்னு ஆரம்பிக்கலாம், இல்ல, ரிவர்ஸுன்னு ஆரம்பிக்கலாம், ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போகுது, "கோகிலா"ன்னேன். "ம்"ன்னா. வளைவு திரும்பினேன்.

ரோட்டுல செவுரு இருக்குதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். செவுரு காத ஆட்டினப்பறம் பிரேக்கு போட்டேன். நாப்பதடி இருக்கும், லாரி நீளம் ரெண்டு வெச்சா தொட்டுரும். பொட்டை ஆனை, அதோட வயித்துக்கு அடியில குட்டி ஒண்ணு, தும்பிக்கைய என்ன பண்றதுன்னு தெரியாம ஆட்டிட்டு நிக்குது. மிதுன் கத்துவான்னு நெனச்சேன், அவன் கை மட்டும் என் சீட்டுக்குப் பின்னால வந்து சட்டையப் புடிச்சுச்சு. ஆனை எங்களப் பாத்துச்சு, தலைய ஒருக்கா ஆட்டுச்சு, ஒரு எட்டு முன்னால வெச்சுச்சு. சும்மா வெச்சுதோ என்னமோ. நின்னு, இன்னொரு எட்டு. காது ரெண்டும் விரிஞ்சு நிக்குது, முறமாட்டம்னு சொல்றதெல்லாம் தூர இருந்து பாத்தவங்க சொல்றது, கிட்ட இருந்து பாத்தா கதவுதான். லிஃப்டுல மாட்டினவங்களுக்கு நான் வெளிய நின்னு சொல்ற பேச்சு ஒண்ணு இருக்குது, நிதானமா, ஒரே தொனில, பதறாதீங்க, கதவத் தொடாதீங்க, எல்லாம் சரியா இருக்குதுன்னு, அதே தொனில சொன்னேன், "யாரும் அசையாதீங்க, சத்தம் போடாதீங்க, ஒண்ணுமில்ல." என் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. கோகிலா ஒதடு அசையாமச் சொன்னா, "ஏனுங், ரிவர்ஸ் விழாதுங்களே." அது கேள்வியில்ல, குத்தம் சொல்றதுமில்ல, நாம இப்ப இப்புடி நிக்கறோம்னு சொல்றா, அவ்வளவுதான். நாலு மாசமா நான் சொன்னத நம்பி நாப்பது அடி நாப்பது அடியாத் திருப்பினவ. எறங்கித் தள்ளலாமான்னு அவ கண்ணு கதவுப் பக்கம் போச்சு, அதப் பாத்ததும் எனக்குள்ள என்னமோ அறுந்துச்சு, ஆனைக்கு முன்னால நின்னு பம்பர்ல கை குடுக்கறதுக்கு அவ யோசிக்கறா, நெசமாவே யோசிக்கறா. கிளச்ச மிதிச்சேன். கை கியர் குச்சிக்குப் போச்சு, அங்கயே நின்னுச்சு, கதவத் தொறந்துட்டே இருக்கேன், காலு தரையத் தொடல, கண்ணாடில பாத்தா ரோடு வெறிச்சோடிக் கெடக்குது, அப்புடித்தான் அன்னைக்கும் கெடந்துச்சு. அப்பப் பின்னால இருந்து, எலுமிச்சம்பழ வாசத்தோட, மெதுவா, "யாரும் இல்லப்பா." தாரணி கடைசி சீட்டுல முட்டி போட்டுப் பின்னாடிக் கண்ணாடில ரெண்டு கையையும் வெச்சுட்டு நிக்கறா. எப்ப அங்க போனான்னு தெரியல.

போட்டேன். விழுந்துச்சு. கோகிலா குச்சி போன பக்கத்தப் பாத்தா, பாத்துட்டு என்னத் திரும்பிப் பாக்கல, தலைய முழுசாப் பின்னால திருப்பிக்கிட்டா, ஒரு கைய சீட்டு முதுகுல வெச்சுட்டு, "கால நீங்க பாத்துக்கங்க, ஸ்டியரிங்க நான் சொல்றேன்"ன்னா. வண்டி ஊர்ந்துச்சு. "சோத்துக்கை. இன்னும். அப்புடியே வெச்சுக்கங்க." நான் முன்னால ஆனையப் பாத்துட்டே பின்னால போறேன், உலகத்துல எந்த டிரைவிங் ஸ்கூல்லயும் இதச் சொல்லித் தர மாட்டாங்க, ஆனையும் எங்கூடவே வருது, அவசரமில்லாம, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பற சொந்தக்காரி மாதிரி. "கொஞ்சம் வுடுங்க. போதும். நேராக்குங்க." "பாலம் வருதும்மா"ங்கறா தாரணி. "பாத்துட்டேன் கண்ணு, எந்தப் பக்கம் எடம் கம்மி?" "இந்தப் பக்கம்." "கையச் சொல்லுடி." "பீச்சாங்கை." "பீச்சாங்கைப் பக்கம் செவுரு ஒரு சாண் இருக்குதுங்க, சோத்துக்கைக்கு ஒரு நூலு ஒடிங்க. ஒரு நூலுன்னேன்." வண்டிக்கு அடியில பாலம் கடகடன்னுச்சு, கல்லுச் செவுரு ரெண்டும் பின்னால இருந்து முன்னால வருது, ஒரு உரசலில்ல, ஒரு கீறலில்ல, இவ எங்கயோ பிழைக்க வேண்டியவ, எங்கூட சந்துல கெடக்கறா. மிதுன் மட்டும் எனக்குக் காதுல சொல்லிட்டே வந்தான், "நின்னுருச்சுப்பா. இல்ல, வருது. நின்னுருச்சு." பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு கொஞ்சம் அகலமாச்சு, அங்க நிறுத்தச் சொன்னா, நிறுத்தினேன். ஆனை பாலத்துக்கு அந்தப் பக்கத்துலயே நின்னுக்குச்சு. ஓடைய ஒருக்காப் பாத்துச்சு, எங்கள ஒருக்காப் பாத்துச்சு, அப்பறம் நாங்க ஒரு பொருட்டே இல்லைங்கற மாதிரி பக்கத்து மூங்கில ஒடிச்சு வாயில வெச்சுச்சு. குட்டி நடு ரோட்டுல உக்காந்துக்குச்சு.

இன்ஜின அணைக்கல. வெள்ளரிக்கா டப்பா கீழ கவுந்து கெடக்குது, என் முதுகு சீட்டோட ஒட்டியிருக்குது. கோகிலா மெதுவாத் திரும்பி நேரா உக்காந்தா, முந்தானையால கழுத்தத் தொடச்சா, கியர் குச்சிய ஒரு பார்வ பாத்தா. "விழுதே"ன்னா. தணிஞ்ச குரல்ல, ஆனைக்குக் கேக்காத மாதிரி. நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே சொன்னா, "மூணு நாளா ஓடி சூடேறியிருக்குதுல்ல, சூடேறினா விழும் போல." பாருங்க, எவ்வளவு நல்ல மனுசி, பதிலும் அவளே குடுக்கறா, நான் ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அந்த ஒரு வார்த்தைல வீடு வரைக்கும் போயிரலாம், வீட்டுக்குப் போய் நானே ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொல்லி லோகநாதன் கிட்ட ஒரு சபாஷும் வாங்கிரலாம். நடுக் கண்ணாடில தாரணி தெரியறா. கடைசி சீட்டுல இருந்து நடு சீட்டுக்கு வந்து உக்காந்து, எலுமிச்சம்பழத்த மடியில வெச்சுட்டு, ஜன்னல் பக்கம் முகத்த வெச்சிருக்கா, ஆனா ஆனையப் பாக்கல, ஒண்ணையும் பாக்கல, காத மட்டும் எங்களுக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கா, நான் என்ன சொல்றனோ அதுக்கு ஏத்த மாதிரி அடுத்ததப் பேசிக்கலாம்னு தயாரா இருக்கற மாதிரி. பத்து வயசுல ஒரு புள்ள அப்புடித் தயாரா இருக்கக் கூடாது. "சூடெல்லாம் இல்ல"ன்னேன். "எப்பவுமே விழும். நாலு மாசமாவும் விழுந்துட்டுத்தான் இருக்குது." கோகிலா என்னப் பாத்தா. "பின்ன எதுக்குங்க நாங்க தள்ளினோம்?" "தண்ணி லாரி எதுவும் வரல அன்னைக்கு. சைக்கிள் மேல ஏத்தினது நான். பாக்காம பின்னால எடுத்தேன். புள்ள ஒரு அடி தள்ளி நின்னா. எனக்காக அவ பொய் சொன்னா, நான் பாத்துட்டு நின்னேன், நீ கொட்டினதையும் பாத்துட்டு நின்னேன்."

சொல்றதுக்கு இவ்வளவுதான் இருந்துச்சு. நாலு மாசமா எனக்கு அது ஒரு புத்தகமா இருந்துச்சு, வெளிய வந்தப்பறம் பாத்தா அஞ்சாறு வரி. மிதுன் சொன்னான், "அப்ப நான் சும்மாவா தள்ளினேன்?" கோகிலா முகத்துல மொதல்ல ஒண்ணும் வரல, அப்பறம் 'ஒரு அடி தள்ளி'ங்கற வார்த்த அவளுக்கு உள்ள போய்ச் சேந்துச்சு, போய்ச் சேந்த எடத்த நான் பாத்தேன், அவ வாயத் தொறந்தா, தொறந்த வாய் பெருசாத்தான் தொறந்துச்சு, அவ தொண்டை எனக்குத் தெரியும், எங்க சந்து மொனை வரைக்கும் கேக்கற தொண்டை. அப்ப அந்தப் பக்கம் ஒரு மூங்கில் படீர்னு ஒடிஞ்சுச்சு. வாய மூடிக்கிட்டா. ரெண்டு நாசியும் விரிஞ்சு விரிஞ்சு அடங்குச்சு. என்னப் பாக்காமலே, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல அவ கை பின்னால போச்சு, தடவித் தடவி தாரணி தலைய எட்டிப் புடிச்சுச்சு, அன்னைக்குக் கொட்டின எடம் எதுன்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அங்கயே போய் உள்ளங்கைய விரிச்சு வெச்சுக்கிட்டா, எடுக்கல. தாரணி அந்தக் கைக்கு அடியில இருந்துட்டே, "அம்மா, அப்ப சைக்கிள்?"ன்னா, காத்து மாதிரி. "வாங்கலாம். இப்பப் பேசாம இரு, ஆனை நிக்குது." அப்பறம் எம் பக்கம் திரும்பினா. கண்ணுல தண்ணி நிக்குது, குரல் கத்தி மாதிரி இருக்குது, ஆனா ரொம்பச் சன்னமா, பக்கத்துல இருக்கற எனக்கே காதக் குடுத்துக் கேக்கற மாதிரிச் சொன்னா, "ஆனை போகட்டும். உங்களுக்கு இருக்குது." சரின்னு தலையாட்டினேன். நியாயந்தான். ஆனை இன்னொரு மூங்கில வளைச்சு, நுனிய மட்டும் பறிச்சு, உதறி, வாயில வெச்சு, கண்ண மூடி மென்னுச்சு. குட்டி உக்காந்த எடத்துலயே படுத்துருச்சு. கெளம்பற மாதிரி தெரியல. எனக்கும் அவசரம் ஒண்ணுமில்ல.